ஏழ்வாயில்: ஒரு கற்பனைத் தலைநகரையும் அதன் அயலார் பேட்டைகளையும் வரைந்த குறிப்பு

நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று மாதக்கணக்கில் ஆடும் கதைவிளையாட்டு ஒன்றுக்காக, ஒரு பேரரசின் தலைநகரை வரைபடமாகவும் குறிப்பேடாகவும் உருவாக்கித் தரும் வேலையை ஏற்றிருந்தேன். நகரின் பெயர் ஏழ்வாயில். பேரரசின் குடிகள் அல்லாத நான்கு நாட்டார் அங்கே தத்தம் பேட்டைகளில் வாழ வேண்டும், அவர்களுக்குள் தீராத போட்டி இருக்க வேண்டும், அந்தப் போட்டி ஆட்டத்தை நடத்துபவர் எடுத்துச் சொல்லித் தெரியவராமல் தெருவில் நடந்தாலே புலப்பட வேண்டும் என்பதுதான் எனக்கு இடப்பட்ட நிபந்தனை.

இத்தகைய நகரங்களை வரைபவர்கள் பெரும்பாலும் பேட்டைக்கு ஒரு வண்ணம், ஒரு கூரை வடிவம், ஒரு கோயில், ஓர் உணவு என்று பங்கிட்டுவிட்டு, இரண்டு பேட்டைகளுக்கு நடுவே "இவர்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது" என்று எழுதிவைப்பார்கள். நான் அவற்றையெல்லாம் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். அயலார் ஒரு தலைநகரில் ஒரு தெருவைத் தமதாக்கிக்கொள்வது யாரோ ஒருவர் அதை அவர்களுக்குக் கொடுத்ததால்தான். ஏன் கொடுத்தார், எதற்குப் பதிலாகக் கொடுத்தார், எப்போது பறிக்கலாம் என்பவை எழுதப்பட்டிருந்தால், சுவர் எங்கே வரும், வாயில் எங்கே வரும், சண்டை எங்கே வரும் என்பவை தாமாகவே வந்துவிடும் என்பது என் எண்ணம். அதற்கு முன்மாதிரியாக 12-ஆம் நூற்றாண்டின் கான்ஸ்டான்டினோபிளை, அதாவது பைசாந்தியப் பேரரசின் தலைநகராக இருந்த இன்றைய இஸ்தான்புல்லை, எடுத்துக்கொண்டேன். வெனிஸ், பீசா, ஜெனோவா, அமால்ஃபி ஆகிய இத்தாலிய நகரத்தார் அங்கே ஒரே கரையில் அடுத்தடுத்துப் பேட்டை கொண்டிருந்தார்கள் என்பதும், அந்த வரலாறு பட்டயம் பட்டயமாக நமக்குக் கிடைக்கிறது என்பதும் காரணங்கள்.

முதலில் நிலம். ஏ1 தாளில் 1:5000 அளவில், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர் என்ற கணக்கில், ஒரு தீபகற்பத்தின் கரைக்கோட்டை மட்டும் பென்சிலால் வரைந்தேன். தெற்கே திறந்த கடல், வடக்கே ஒடுங்கிய உப்பங்கழி, மேற்கே மதில். அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து, காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் அம்புக்குறிகளாகப் போட்டேன். கோடைமுழுவதும் வடகிழக்குக் காற்று வீசுவதாக வைத்துக்கொண்டதால், தெற்கிலிருந்து பாய்விரித்து வரும் கப்பல் காற்று மாறும்வரை எங்கோ காத்திருக்க நேரும். கான்ஸ்டான்டினோபிளுக்கு எகிப்திலிருந்து தானியம் கொண்டுவந்த கப்பல்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஜலசந்தியின் வாயிலில் எதிர்க்காற்றுக்கு அஞ்சிக் கப்பல்கள் தேங்கியதால், 6-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் டெனெடோஸ் தீவில் 280 அடி நீளமும் 90 அடி அகலமும் கொண்ட ஒரு களஞ்சியத்தைக் கட்டி, கப்பல்கள் சரக்கை அங்கேயே இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்ப வழிசெய்தார். ஏழ்வாயிலுக்கும் அப்படி ஒரு காத்திருப்புத் தீவை வரைந்தேன். தாளின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவே இருந்த அந்தத் தீவை யார் காவல் காக்கிறார்களோ அவர்கள் தலைநகரின் கழுத்தைப் பிடித்திருப்பார்கள் என்பது பிறகு பட்டயம் எழுதும்போதுதான் முழுமையாக உறைத்தது.

துறைமுகத்தின் வயதையும் வரைய வேண்டும். தெற்குக் கரையில் ஒரு பழைய செயற்கைத் துறைமுகத்தைப் போட்டு, அதை முக்கால் பங்கு வண்டல் மூடியதாகக் காட்டினேன். கான்ஸ்டான்டினோபிளில் தியோடோசியஸின் துறைமுகத்துக்கு நேர்ந்தது அதுதான். ஒரு காலத்தில் தானியக் கப்பல்கள் நிறைந்திருந்த அந்த இடம் மண்மேவித் தோட்டமாகிப் போனது. இஸ்தான்புல்லின் யெனிகாபிப் பகுதியில் 2004 முதல் நடந்த அகழாய்வில் அங்கிருந்து 37 கப்பல்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. வணிகம் வடகரைக் கழிக்கு இடம்பெயர்ந்தது. என் வரைபடத்தில் இதனால் ஒரு நல்ல முரண் கிடைத்தது: பழைய பிரபுக் குடும்பங்களின் மாளிகைகள் செத்த துறைமுகத்தைப் பார்த்து நிற்கின்றன, ஒரு காலத்தில் தோல் பதனிடுவோரும் செம்படவரும் மட்டுமே வாழ்ந்த வடகரை, இப்போது நகரிலேயே விலை உயர்ந்த நிலம். அயலாருக்குப் பட்டயம் கொடுக்கப்பட்டபோது அந்தக் கரை மலிவாக இருந்தது என்று வைத்துவிட்டால், கொடுத்த பேரரசரின் பேரன் ஏன் பல்லைக் கடிக்கிறான் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து வயிற்றுக் கணக்கு. மதிலுக்குள் 600 ஹெக்டேர், ஹெக்டேருக்குச் சராசரியாக 200 பேர், ஆக 1,20,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்றால் நகரம் தினமும் 60 டன் தின்கிறது. ஆண்டுக்கு 21,900 டன். கடல் திறந்திருப்பது ஏழு மாதம்தான் என்பதால், 60 டன் ஏற்றும் கப்பல்கள் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் வந்து சேர வேண்டும். மீதிக் காலத்துக்கு 9,300 டன் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். கோதுமையை இரண்டு மீட்டர் உயரத்துக்குமேல் குவித்தால் சூடேறிக் கெடும் என்று வைத்துக்கொண்டால், 6,000 சதுர மீட்டர் தளம் வேண்டும்; புரட்டிப்போடவும் நடக்கவும் இடம் சேர்த்து, ஐம்பதுக்கு இருபது மீட்டர் அளவில் எட்டுக் களஞ்சியங்கள். தாளில் அவை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் நீளமும் நான்கு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட எட்டுக் கட்டங்கள். வேறெந்தக் கட்டடத்தையும் இடம்மாற்றலாம். இவற்றை மாற்ற முடியாது. வடகரையின் நடுவில், படித்துறையை ஒட்டி, இவை அமர்ந்தபிறகுதான் அயலாருக்கு எவ்வளவு கரை மிஞ்சும் என்பதே தெரிந்தது. ஜஸ்டினியன் காலத்து ஆணை ஒன்று எகிப்திலிருந்து ஆண்டுதோறும் வரவேண்டிய தானியத்தை 80 லட்சம் அர்த்தபா (எகிப்தியத் தானிய அளவை) என்று குறிப்பிடுகிறது. அதே எகிப்து 619-இல் பாரசீகர் கைக்குப் போனபோது, நூற்றாண்டுகளாக நடந்துவந்த இலவச ரொட்டி நின்றுபோனது. ரொட்டி யார் கப்பலில் வருகிறது என்பதைவிடப் பெரிய அரசியல் ஒரு தலைநகரில் இல்லை.

தண்ணீரைச் சுருக்கமாக முடித்தேன். ஆளுக்கு 20 லிட்டர் என்றால் நாளுக்கு 2,400 கன மீட்டர். 336 தூண்கள் கொண்ட பசிலிக்கா நிலவறைத் தொட்டி சுமார் 80,000 கன மீட்டர் கொள்வது. அந்த அளவில் ஒன்றை வைத்தாலே ஏழ்வாயில் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் முற்றுகையைத் தாங்கும். தொட்டி மேட்டில், அயலார் பேட்டைகள் தாழ்வில். குழாயின் திருகு பேரரசர் கையில்.

இப்போது பட்டயங்கள். வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, நாட்டாருக்கு ஒரு பக்கம் வீதம் நான்கு பட்டயங்களை எழுதினேன். தீவுகளிலிருந்து வரும் கடலோடிகளான ஓதவர். அவர்களுக்கு எதிர்க்கரை நகரத்தாரான துறையர். இரும்பும் கூலிப்படையும் தரும் குன்றகர். ஒட்டகச் சாத்துடன் வரும் பாலையர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்விகள்: எத்தனை மீட்டர் கரை, என்ன சுங்கம், யார் நீதிபதி, எந்த எடைக்கல், சொந்த அடுப்பு உண்டா, இரவில் வாயில் சாவி யாரிடம், போர் வந்தால் பேரரசருக்கு என்ன கடமை, தங்கும் காலத்துக்கு வரம்பு உண்டா.

அடுப்பைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் வெனிஸ் நகரத்தாருக்கு அளித்த பொன்முத்திரைப் பட்டயம் வழக்கமாக 1082-ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படுகிறது. அதில் மூன்று படித்துறைகளோடும் கடைகளோடும் புனித அகிண்டினோஸ் கோயிலைச் சேர்ந்த ரொட்டிக்கூடமும் இடம்பெறுகிறது. சொந்த அடுப்பு உள்ளவன் சந்தை மூடினாலும் பட்டினி கிடக்க மாட்டான். பிற்பாடு வெனிஸ்காரர்களின் எடைகளும் அளவைகளும் அந்தக் கோயிலின் பொறுப்பிலேயே இருந்தன. அதே பட்டயத்தால் அவர்கள் பத்து விழுக்காட்டு வணிக வரியிலிருந்து முழுமையாக விடுபட்டார்கள். பீசாவுக்கு 1111-இலும் ஜெனோவாவுக்கு 1155-இலும் நான்கு விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பேரரசின் சொந்தக் குடியான கிரேக்க வணிகனோ பத்தையும் கட்டிக்கொண்டிருந்தான். சுழியம், நான்கு, பத்து: இந்த மூன்று எண்களை அப்படியே எடுத்து ஓதவருக்கும் துறையருக்கும் உள்ளூராருக்கும் கொடுத்துவிட்டேன். இந்த ஓரிடத்தில் மட்டும் வரலாற்றிலிருந்து கூச்சமில்லாமல் படியெடுத்திருக்கிறேன். இதைவிடச் சிக்கனமான பகைப்பொறியை நானாக யோசித்துக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

நால்வருக்கும் ஒரே வகைப் பேட்டை கொடுத்தால் வரைபடம் சலித்துவிடும் என்பதோடு, உண்மையான அரசுகளும் அப்படிச் செய்ததில்லை. குன்றகருக்கு, கீவ் பகுதியிலிருந்து வந்த ருஸ் வணிகர்கள் பெற்ற ஏற்பாட்டைத் தழுவினேன். 10-ஆம் நூற்றாண்டின் ஒப்பந்தங்களின்படி ருஸ் நாட்டார் மதிலுக்கு வெளியே புனித மாமாஸ் பகுதியில் தங்க வேண்டும். ஐம்பது ஐம்பது பேராக, ஆயுதமின்றி, ஒரே வாயில் வழியாக, பேரரசின் அதிகாரி உடன்வர நகருக்குள் நுழையலாம். குளிர்காலத்தை அங்கே கழிக்கக் கூடாது. பேரரசரின் மெய்க்காப்பாளர்களையே அனுப்பிவைக்கும் இனத்தார், வணிகராக வரும்போது ஐம்பதுபேர் வரிசையில் நின்று கத்தியை ஒப்படைக்க நேர்வது ஆட்டத்துக்கு அருமையான காட்சி. பாலையருக்கு விடுதி முறை. நகர ஆளுநருக்கான 10-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பு சிரியா வணிகருக்கு மூன்று மாதத் தங்கலையே அனுமதித்தது. அலெக்சாந்திரியாவில் ஐரோப்பிய வணிகரின் விடுதிகள் இரவில் வெளிப்புறமாகப் பூட்டப்பட்டன. இரண்டையும் கலந்து, நடுவில் முற்றமும் ஒற்றை வாசலும் கொண்ட இரண்டடுக்குச் சத்திரம் ஒன்றை வரைந்தேன். சாவி கொத்தவாலிடம்.

நிர்வாகத்துக்கு மட்டும் கான்ஸ்டான்டினோபிளை விட்டு மலாக்காவுக்குப் போனேன். 15-ஆம் நூற்றாண்டு மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள் (துறைமுகத் தலைவர்கள்) இருந்தனர். ஒருவர் குஜராத்திகளுக்கு மட்டும். ஒருவர் கெலிங், வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு. ஒருவர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வருவோருக்கு. ஒருவர் சீனருக்கும் ரியூக்யூ போன்ற நாட்டாருக்கும். கெலிங் என்று அங்கே குறிக்கப்பட்ட சோழமண்டலக் கரை வணிகரில் தமிழர் பெரும்பங்கினர் என்பதால், இந்த ஏற்பாட்டை நம்மவர்கள் உள்ளிருந்தே பார்த்திருக்கிறார்கள். வந்திறங்கிய மாலுமிக்கு இடம், கிடங்கு, யானை எல்லாம் தன் ஷாபந்தர் வழியாகத்தான். ஏழ்வாயிலிலும் நாட்டாருக்கு ஒரு துறைத்தலைவர் என்று வைத்தேன். அவர் அந்த நாட்டாரின் தலைவரா, பேரரசரின் ஊழியரா என்பதைப் பட்டயத்தில் வேண்டுமென்றே இரண்டு விதமாகவும் படிக்கும்படி எழுதினேன்.

பட்டயங்களோடு மீண்டும் தாளுக்குத் திரும்பினால், கரைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. வடகரையில் கப்பல் அணையக்கூடிய நீளம் 900 மீட்டர். பேரரசின் கடற்படைக்கு 250, களஞ்சியத் துறைக்கு 150, ஓடத்துறைக்கு 50 போக மிச்சம் 450. ஓதவருக்கு 200, துறையருக்கு 120, எஞ்சிய 130 மீட்டரில் உள்ளூர் வணிகரும் மற்றவரும். கப்பல்கள் பின்புறத்தைக் கரைக்குக் காட்டி நிற்பதாகக் கொண்டால் ஒன்றுக்குப் பத்து மீட்டர் போதும். ஓதவர் துறையில் இருபது, துறையர் துறையில் பன்னிரண்டு. ஆனால் ஓதவர் நாற்பது கப்பல்களாகக் கூட்டமாக வருபவர்கள். வைகாசியில் அவர்கள் வரும்போது துறையரின் பன்னிரண்டு இடமும் காலி, ஏனெனில் துறையர் கூட்டம் ஆனியில்தான் வரும். வெறுங்கரையை விட்டுவைப்பவர் யார்? ஓதவர் அண்டைத் துறையில் கட்டிக்கொள்கிறார்கள், துறையரின் காவலாள் காசு வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருக்கிறான், ஆண்டுகள் பல இப்படியே ஓடுகின்றன. காற்று முந்திக்கொண்டு துறையரைப் பதினைந்து நாள் முன்னதாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஆண்டில் கதை தொடங்குகிறது. இதற்குப் பழம்பகையோ சாபமோ வேண்டியதில்லை. நாள்காட்டியும் கயிறு கட்டும் முளையும் போதும்.

இரு பேட்டைகளுக்கும் நடுவிலுள்ள குறுகிய சந்து ஒன்றை மட்டும் தனித்தாளில் 1:200 அளவில் பெரிதாக்கினேன். மூன்று மீட்டர் அகலம். மேட்டிலிருந்து கடல்மதில் வாயில்வரை எண்பது மீட்டர் நீளம். மேற்குச் சுவர் ஓதவருடையது, அதில் கதவு ஒன்றும் இல்லை. கிழக்கே துறையர் வீடுகளின் பின்பக்கம். ஐந்து சிறு கதவுகள், இரண்டு பிற்காலத்தில் செங்கல்லால் அடைக்கப்பட்டவை. நடுவில் ஒரு பொதுக் கிணறு, அதன் விளிம்புக்கல்லில் இரண்டு பக்கமும் கயிறு அறுத்த தடம். துறையரின் சாயப்பட்டறைக் கழிவு சந்தின் சாக்கடையில் இறங்கி, ஓதவர் எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டும் பலகைத் தளத்தின் அடியில் போய்ச் சேர்கிறது. கீழே வாயிலருகில் பேரரசின் துலாக்கோல், ஒரு கூரைக்கடியில். ஓதவர் பீப்பாய் ஒன்றைக் கப்பலிலிருந்து கிடங்குக்கு விரலாலேயே நகர்த்திப் பார்த்தேன்: துலாக்கோலைத் தாண்டுகிறது, எடை போடப்படுவதில்லை, ஏனெனில் அவர்களுக்குச் சொந்த எடை. அடுத்து நிற்கும் உள்ளூர் எண்ணெய் வணிகன் வரிசையில் காத்திருந்து, எடைபோட்டு, பத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, அந்தப் பீப்பாய் தன் கடைக்கு எதிர்க்கடைக்கே உருண்டு போவதைப் பார்க்கிறான். இந்த ஒற்றைப் பாதையைச் சுற்றியே ஆட்டத்தின் முதல் நான்கு அமர்வுகளும் நடந்தன என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.

பேட்டைக்குள் வாழ்பவர்களையும் ஒரே கும்பலாக விடவில்லை. பருவத்துக்கு வந்துபோகும் மாலுமிகள் ஒருவகை. உள்ளூரில் பெண்ணெடுத்து, வீடு கட்டி, பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து நிலைத்துவிட்டவர்கள் இன்னொரு வகை. 12-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் மானுவேல் காலத்தில் வெனிஸ்காரர்களிடையே இந்த வேறுபாடு சட்டரீதியாகவே வகுக்கப்பட்டது. கலகத்தில் மாலுமி கப்பலேறிவிடலாம், குடியேறியவனுக்குப் போக்கிடமில்லை. 1162-இல் பீசாவினர் ஜெனோவாப் பேட்டையைச் சூறையாடினர். சில ஆண்டுகள் கழித்து அதே ஜெனோவாப் பேட்டை மறுபடி தாக்கப்பட்டபோது மானுவேல் வெனிஸ்காரர்களைக் குற்றம்சாட்டி, 1171 மார்ச் 12 அன்று பேரரசு முழுவதிலும் இருந்த அவர்களை ஒரே நாளில் பிடித்துச் சிறையிலிட்டு உடைமைகளைப் பறிமுதல் செய்தார். 1182-இல் தலைநகரத்து மக்களே எழுந்து லத்தீனர்களை, அதாவது மேற்கு ஐரோப்பியரை, கொன்றபோது, வெனிஸ்காரர் பெரும்பாலும் ஊரில் இல்லாததால் பலியானவர்கள் முதன்மையாகப் பீசா, ஜெனோவா நகரத்தார். 1203 ஆகஸ்டில் லத்தீனர்கள் வைத்த தீ கழிக்கரையில் தொடங்கி மறுகரைக் கடல்வரை நகரைக் குறுக்கே எரித்தது. இந்த நிகழ்வுகளின் வரிசையை அல்லாமல், அவை நகர்ந்த பாதையை என் குறிப்பேட்டில் ஏற்றினேன்: ஓர் ஆணை எந்த வாயிலை முதலில் அடைக்கும், கும்பல் எந்தத் தெருவில் திரளும், வடகிழக்குக் காற்றில் தீ எத்தனை களஞ்சியங்களைத் தொடும். கடைசிக் கேள்விக்கு விடை மூன்று என்று வந்ததும், களஞ்சியங்களுக்கும் ஓதவர் பேட்டைக்கும் இடையே முப்பது மீட்டர் வெற்றிடம் விட்டு, அதில் யாரும் குடிசைகூடப் போடக்கூடாது என்ற ஆணையையும், ஆணையை மீறிப் போடப்பட்ட பதினோரு குடிசைகளையும் சேர்த்து வரைந்தேன்.

கழியின் மறுகரையை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே இப்போது ஒரு பாழடைந்த காவற்கோபுரமும் அத்திமரங்களும் மட்டுமே உள்ளன. துறையரை நகரத்திலிருந்து அப்புறப்படுத்த விரும்பும் அமைச்சர் ஒருவர் அந்தக் கரையை அவர்களுக்கு முழுவதுமாகத் தந்துவிடலாம் என்று பேசிவருகிறார். பேரரசர் எட்டாம் மிக்கேல் 1267-இல் ஜெனோவா நகரத்தாரைக் கான்ஸ்டான்டினோபிளுக்கு எதிர்க்கரையிலிருந்த கலாட்டாவில் குடியமர்த்தியபோது அவர்களுக்கு மதில் கட்ட உரிமை தரப்படவில்லை. ஆயினும் மதில் எழுந்தது. 1348-இல் இன்றும் நிற்கும் கோபுரமும் எழுந்தது. அக்காலத்துக் கலாட்டாவின் சுங்க வருவாய் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பொற்காசு, எதிர்க்கரையில் பேரரசரின் சுங்கம் முப்பதாயிரம் என்று சமகால வரலாற்றாசிரியர் கிரெகோராஸ் எழுதியிருக்கிறார். அமைச்சரின் யோசனையை ஏற்பதா தடுப்பதா என்பது ஆடுபவர்களின் பொறுப்பு. அவர்கள் எதைத் தேர்ந்தாலும் உதவும்படி அந்தப் பகுதியின் டிரேசிங் தாளை இரண்டு படிகளாக எடுத்துவைத்திருக்கிறேன்: ஒன்றில் அத்திமரங்கள், மற்றொன்றில் இருபது ஆண்டுக்குப் பிந்தைய மதிலும் நாற்பது கப்பல்களுக்கான துறையும்.

கூரை ஓடு, உடை, கொடி, திருவிழா ஆகியவற்றை இவை எல்லாம் முடிந்தபின் ஒரே மாலையில் நிரப்பினேன். ஓதவர் வீடுகள் வடக்குப் பார்த்தவை, கப்பல் வருவது தெரிய வேண்டுமென்பதால். துறையர் தம் கோயில் மணியைக் களஞ்சியக் காவலர் மணிக்கு முன்பே அடிக்கிறார்கள். எஞ்சியிருப்பது மேற்கு மதிலின் ஏழு வாயில்களில் மூன்றும், குன்றகர் கத்திகளை ஒப்படைக்கும் கொட்டகையின் உள்வரைபடமும்தான்.